இரண்டு மில்லிமீட்டர்

கீழிமையில் ஒரு தாள் கீற்றைக் கொழுவிவிட்டு
ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார் டொக்டர் அம்ஸ்டுட்ஸ்.
பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் கிழித்தால் வருமே, அந்த அகலம்.
வெளியே பீல் நகரத்து மழை
ஜன்னலில் கணக்கில்லாமல் ஓடியது.
எனக்கு வலது கண்ணில் இரண்டு மில்லிமீட்டர்.
இடதில் மூன்று.

பத்தாவது வந்திருக்க வேண்டுமாம்.

அழுதிருக்கலாமோ என்று கேட்டேன்,
பரீட்சையில் தவறிய பிள்ளை போல.
அவர் சிரிக்கவில்லை.
உதட்டின் உள்ளேயிருந்து பருக்கையளவு வெட்டியெடுத்ததும்
இரத்தத்தில் தேடியதும் ஒன்றையே சொல்கின்றன என்றார்.
பிறகு கதிரையைக் கிட்ட இழுத்தார்.

கதிரையை இழுத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாய் இந்த ஆஸ்பத்திரியில்
மூன்றாவது கதிரை நான்.
டொச்சில் வருவதைத் தமிழில் இறக்கி,
தமிழில் வருவதை டொச்சில் ஏற்றி,
மணிக்கணக்குத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஐந்தாம் இலக்க பஸ்ஸுக்கு ஓடுகிறவள்.
அன்று அந்தக் கதிரையில்
என் குடையை வைத்திருந்தேன்.

தெருவுக்குத் தெரு இரண்டு பெயர் எழுதிய ஊர் இது.
என் நோய்க்கு ஒன்றுதான்,
யாரோ ஒரு சுவீடன்காரருடையது.
ஷோக்ரென். வீட்டில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
சோவென்று தொடங்கினால் எங்கள் மொழியில்
அது மழையாக அல்லவா இருக்க வேண்டும்.

"புற்றுநோய் இல்லைத்தானே" என்றார் தயாபரன்,
நாலு தரம்.
அந்த நிம்மதியில் மீன் பொரித்தார்.
வாசம் பிடித்த நாக்கு எழும்பிப் போய்
எட்டிப் பார்த்துவிட்டு
வெறுங்கையோடு திரும்பி வந்தது.

இரவில் மூன்று முறை விழிக்கிறேன்,
நாக்கை அண்ணத்திலிருந்து உரித்தெடுக்க.
அப்போதெல்லாம் புனிதமலர்.

சலவைக்கூடத்தில் வேலை செய்தவள்.
பத்து வருடத்துக்கு முன், இதே தளத்தில்,
இதே வகை நோயொன்றை அவளுக்கு இறக்கி வைத்தேன்:
"உங்களைக் காக்கிற படையே
உங்கட உடம்பை எதிரியெண்டு நினைச்சிட்டுது."
நல்லாய் வந்திருக்கிறது என்று
உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.
அவள் கொஞ்சம் பொறுத்து
டொக்டரை அல்ல, என்னைக் கேட்டாள்:
"படையெண்டா, பிள்ளை, எந்தப் படை?"

அதை நான் டொச்சில் சொல்லவில்லை.
நோயின் காரணத்தைக் கேட்கிறார் என்றேன்.
காரணம் தெரியாது என்றார்கள்.
காரணம் தெரியாதாம் என்றேன்.
பஸ் நாலு நாற்பத்திரண்டுக்கு.

அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை.
வைத்திருக்கக் கூடாது என்பது விதி.

பங்குனியில் ஒரு சாவீடு.
எல்லாரும் அழ, நான் மட்டும் மணல் கண்ணோடு.
கல்லோ இவள் என்று பார்த்தார்கள்.
கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குமிழை எடுத்து
தலையைத் திருகி
இரண்டு கண்ணிலும் விட்டேன், கூடிப் போய்விட்டது.
பக்கத்தில் இருந்தவ என் முதுகைத் தடவினா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பார்மசிக் கண்ணீரும்
கன்னத்தில் அந்தப் பழைய வழியால்தான் இறங்குகிறது.

ஆனியில் வேலைக்குத் திரும்பினேன், தண்ணீர்ப் போத்தலோடு.
சிறுநீரகப் பிரிவு. இருபத்தாறு வயதுப் பெடியன்.
வசனத்தின் நடுவே நாக்கு ஒட்டிக்கொண்டது.
மன்னியுங்கோ என்று கைகாட்டிவிட்டு
மூடியைத் திறந்து, குடித்து, மூடினேன்.
பேசுவதற்கு யாரும் இல்லாத அந்த இடைவெளியில்
அவன் தன் கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டான்:
"அப்ப இனி நான் எதை நம்பிப் படுக்கிறது?"

சொல்லுக்குச் சொல் அப்படியே டொச்சில் சொன்னேன்.
டொக்டருக்கு விளங்கவில்லை.
மறுபடி சொன்னேன்.
அவர் பேனையைக் கீழே வைத்தார்.

பஸ் போய்விட்டது.